நாற்பது விழுக்காடு

டத்தோ கெராமாட் சாலையில்
நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன்.
முடிவுகள் வெளியான வாரத்தில் மட்டும்
அது ஜோசியக் கடை.

தாள் இன்னும் சூடாயிருக்கும்போதே
கேட்டுவிடுவார்கள்,
“கிடைக்குமாண்ணே?”

பதினேழு வருடமாய் இந்த மூடிக்கடியில்
எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்களைக்
குப்புறப் படுக்கவைத்திருக்கிறேன்.
பச்சை வெளிச்சம் ஓர் ஓட்டம் ஓடி முடிவதற்குள்
எனக்குத் தெரிந்துவிடும்.
மூன்று புள்ளி ஒன்பதுக்கு மேல் என்றால்
தலையாட்டுவேன்.
மூன்றரைக்கு மேல் என்றால்
“புறப்பாடம் எப்படி?”
அதற்கும் கீழே என்றால்
தாள் சிக்கிக்கொண்டதுபோல்
இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து
உள்ளே எதையாவது தேடிக்கொண்டிருப்பேன்.

லோஷினி மழையில் வந்தாள்.
தலை நனைந்திருந்தது, சட்டை நனைந்திருந்தது,
கோப்பு நனையவில்லை.
மூன்று புள்ளி ஏழு ஐந்து.
மருந்தகப் படிப்பு வேண்டும்,
அதுவும் இங்கேயே, குன்றின்மேல் இருக்கும் பல்கலைக்கழகத்தில்,
வீட்டிலிருந்து ஒரே பேருந்து.

புறப்பாடச் சான்றிதழ்களைக் கண்ணாடி மேசையில் பரப்பினாள்.
முதலுதவிப் படை.
தமிழ்மொழிக் கழகப் பொருளாளர்.
பூப்பந்து, மாவட்ட நிலை, பங்கேற்பு மட்டும்.
எண்ணூறு மீட்டர் ஓட்டம், நான்காம் இடம்.
“நாலாவது இடத்துக்கெல்லாமா சான்றிதழ் தர்றாங்க?”
“அஞ்சு பேர்தாண்ணே ஓடினோம்.”

எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தபின்தான் கவனித்தேன்,
கூடவே ஒன்றையும் நகலெடுத்திருந்தேன்:
சிறுநீரக மையத்தின் அட்டவணை.
சந்திரகாசன்.
திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணி.
அழைத்து வருபவர் என்ற கட்டத்தில்
அவள் பெயர், அவள் கையெழுத்து,
இரண்டு வருடமாய்.
“இது வேணாம்ணே” என்று உருவிக்கொண்டாள்.
அந்த ஒரு தாளுக்கு நான் காசு வாங்கவில்லை.
புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடு என்கிறார்கள்.
இது எந்தப் பாடம்?

“எத்தனை விழுக்காடுன்னு சொல்லுங்க லா.
முயற்சி பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க,
அதை டீச்சரே சொல்லிட்டாங்க.”

நாற்பது என்றேன்.
ஏன் நாற்பது?
முப்பதென்றால் முகம் வாடும்,
ஐம்பதென்றால் பொய்.
சந்தையில் மீன்காரன் விலை சொல்வதுபோல்
வாய்க்கு வந்தது.
அவள் என் பேனாவையே வாங்கி
ரசீதின் பின்னால் 40 என்று எழுதி
கைப்பேசி உறைக்குள் செருகினாள்.
அன்றிரவு ஷட்டரை இழுத்துவிட்டுப்
பூட்டை மாட்ட மறந்து நின்றேன்.

பிறகு ஒருநாள்
கைப்பேசியை நீட்டினாள், அச்சடிக்க.
வாழ்த்துகள் என்று மலாயில் தொடங்கியது கடிதம்.
கடல்வாழ் உயிரியல்.
கோலத் திரங்கானு.

“பதினோராவது விருப்பம்ணே.
காலியா விட்டா அடுத்த பக்கம் போகலைன்னு
ஏதோ ஒண்ணைத் தட்டினேன்.”
கைப்பேசி உறையிலிருந்து
என் எண்ணை எடுத்து மேசையில் வைத்தாள்.
“இப்ப உங்க நாற்பது சரியா, தப்பா?”

கிடைக்கும் என்ற நாற்பதிலும் அது இல்லை,
கிடைக்காது என்ற அறுபதிலும் இல்லை.
நான் கடலைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வெளியே அவள் அம்மா
மோட்டாரை விட்டு இறங்காமல்,
தலைக்கவசத்தைக் கழற்றாமல்,
எங்கள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் அடிங்கண்ணே.
ஏற்புப் பாரமும், மேல்முறையீட்டுப் பாரமும்.”

இரண்டும் வந்தன,
ஒரே சூட்டில், ஒன்றன்மேல் ஒன்றாய்.
இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை.
நாளைக்குப் புதன்கிழமை.

தாள் எதுவும் சிக்கவில்லை.
ஆனாலும் நான்
இயந்திரத்தின் வயிற்றைத் திறந்தேன்.